எண்பது வயசுக்கு எத்தனை நட்சத்திரம்?

பிரிட்டிஷ் ராக் குழுவான ரோலிங் ஸ்டோன்ஸின் ‘ஹாக்னி டைமண்ட்ஸ்’ ஆல்பத்துக்கு 2023 அக்டோபரில் வந்த விமர்சனங்களில் கிடைத்ததையெல்லாம் மறுபடி எடுத்துப் படித்தேன். பாட்டைப் பற்றி எழுதியதைவிடப் பாடகர் மிக் ஜாக்கரின் பிறந்த தேதியைப் பற்றி எழுதியதுதான் அதிகம். 80 வயசு, 60 வருஷக் குழு, 18 வருஷ இடைவெளி. புகழ்ந்தவர்கள் இந்த வயசிலும் என்னமாய்ப் பாடுகிறார் பார் என்று புகழ்ந்தார்கள், திட்டியவர்கள் இந்த வயசில் இதெல்லாம் தேவையா என்கிற தொனியில் திட்டினார்கள். ரெண்டு கட்சியும் கையில் பிடித்துக்கொண்டிருந்தது ஒரே பிறப்புச் சான்றிதழைத்தான். இதுதான் எனக்கு எரிச்சல். ஒரு ஆல்பத்தை ஆல்பமாகக் கேட்டு எழுதுவது அவ்வளவு கஷ்டமா?

பின்னணி தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2005-இல் ‘எ பிக்கர் பேங்’ வந்தது, அதற்கப்புறம் சொந்தப் பாட்டுகளோடு ஆல்பமே இல்லை. 2016-இல் வந்த ‘புளூ அண்ட் லோன்சம்’ முழுக்க அடுத்தவர்களின் பழைய புளூஸ் பாட்டுகள். 2021 ஆகஸ்டில் டிரம்மர் சார்லி வாட்ஸ் இறந்துபோனார். இழுத்துக்கொண்டே போன வேலைக்குக் கடைசியில் மிக்தான் கெடு வைத்து, ஆண்ட்ரூ வாட் என்கிற தயாரிப்பாளரைக் கொண்டுவந்தார்கள். ஆள் 1990-இல் பிறந்தவர், மிக்குக்குப் பேரன் வயசு. அறிவிப்பு வருவதற்கு முன்னால் லண்டனின் ‘ஹாக்னி கெஸட்’ பத்திரிகையில் கண்ணாடி ரிப்பேர் கடை விளம்பரம் மாதிரி ஒன்றைப் போட்டு, அதற்குள் தங்கள் பழைய பாட்டுப் பெயர்களை ஒளித்து வைத்திருந்தார்கள். அந்தக் குறும்பு எனக்குப் பிடித்திருந்தது.

சரி, விமர்சனத்துக்கு வருவோம். ஸ்டோன்ஸ் ஆல்பத்துக்கென்றே ஒரு வரி எழுதித் தயாராக வைத்திருக்கிறார்கள்: ‘சம் கேர்ள்ஸ்’ஸுக்கு அப்புறம் வந்ததில் இதுதான் சிறந்தது. ‘சம் கேர்ள்ஸ்’ வந்தது 1978-இல். கொஞ்சம் தாராளமானவர்கள் 1981-இல் வந்த ‘டாட்டூ யூ’ வரை இறங்கி வருவார்கள் (அந்த ‘டாட்டூ யூ’வே பெரும்பாலும் எழுபதுகளில் மிச்சமாகிக் கிடந்த டேப்புகளைத் தோண்டியெடுத்து ஒட்டி முடித்தது என்பது தனிக்கதை). 1989-இல் ‘ஸ்டீல் வீல்ஸ்’ வந்தபோதும் இதே பேச்சு, 1994-இல் ‘வூடூ லவுஞ்ச்’ வந்தபோதும் இதே பேச்சு, 2005-இலும் இதே பேச்சு. ஒவ்வொரு தடவையும் இது உண்மையாக இருந்தால் இந்தக் குழு நாற்பது வருஷமாகப் படியேறிக்கொண்டே இருந்திருக்க வேண்டும். ஆனால் பாருங்கள், அடுத்த ஆல்பம் வருகிற நேரத்தில் போன ஆல்பம் இருந்த இடமே தெரியாது, ஒப்பிட மறுபடியும் 1978-க்குத்தான் ஓடுவார்கள். இப்படி எழுதுகிறவர் புது ஆல்பத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. நடுவில் வந்த ஆல்பங்களை அவர் திரும்பக் கேட்கவில்லை என்பது மட்டும்தான் நமக்குத் தெரிகிறது.

விமர்சனங்களில் மதிப்பெண்ணாகப் போடுகிற நட்சத்திரத்தின் யோக்கியதை என்ன என்பதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. 2001-இல் மிக் தனியாக ‘காடஸ் இன் த டோர்வே’ என்று ஒரு ஆல்பம் போட்டார். ‘ரோலிங் ஸ்டோன்’ பத்திரிகை அதற்கு ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்தது. எழுதியவர் வேறு யாரும் இல்லை, பத்திரிகையைத் தொடங்கிய ஜான் வென்னரே. மிக்குக்கு ரொம்ப கால நண்பர். இன்னொரு பக்கம், சொந்தக் குழுவின் கிட்டார்காரர் கீத் ரிச்சர்ட்ஸ் அந்தத் தலைப்பிலிருந்த தேவதையைத் தூக்கிவிட்டு அங்கே நாய்ப்பீயை வைத்தார். இன்றைக்கு அந்த ஆல்பத்தில் ஒரு பாட்டை முணுமுணுக்கிறவர் யாராவது உங்களுக்குத் தெரிந்தவர்களில் உண்டா?

தலைகீழாகவும் நடந்திருக்கிறது. பிரான்சின் தெற்குக் கரையில் ஒரு பங்களாவின் புழுக்கமான நிலவறையில் பாதி வேலை நடந்த ‘எக்ஸைல் ஆன் மெயின் ஸ்ட்ரீட்’ 1972-இல் வந்தபோது நிறையப் பேர் உதட்டைப் பிதுக்கினார்கள். ‘ரோலிங் ஸ்டோன்’ பத்திரிகையில் விமர்சகர் லென்னி கே எழுதியதுகூட அரை மனசோடுதான் இருந்தது. இப்போது ஸ்டோன்ஸின் சிறந்த ஆல்பம் எது என்று கேட்டால் பலர் முதலில் சொல்வது அதைத்தான். ஆனாலும் லென்னி கேமீது எனக்குக் கோபம் இல்லை, மனுஷன் உட்கார்ந்து இசைத்தட்டைக் கேட்டுவிட்டுத்தான் எழுதினார். தப்பாகவே இருந்தாலும் அது பாட்டைப் பற்றிய தீர்ப்பு.

‘ஹாக்னி டைமண்ட்ஸ்’ஸில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டால், முதலில் சார்லி. அவர் வாசித்து 2019-இல் பதிவான ரெண்டு பாட்டு இதில் இருக்கிறது, ‘மெஸ் இட் அப்’, ‘லிவ் பை த ஸ்வோர்ட்’. சார்லிக்கு ஒரு பழக்கம் உண்டு. பொதுவாக ராக் டிரம்மர்கள் வலது கையால் ஹை-ஹாட்டை (ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் ஜோடித் தாளத்தட்டு) விடாமல் தட்டிக்கொண்டே, இடது கையால் இரண்டாவது நான்காவது அடியில் ஸ்னேர் என்கிற சின்ன டிரம்மை அடிப்பார்கள். சார்லி ஸ்னேர் விழுகிற அந்த நொடியில் வலது கையைத் தூக்கிவிடுவார். ஹை-ஹாட் வாயை மூடிக்கொள்ளும், ஸ்னேர் சத்தம் மட்டும் தனியாக வந்து விழும். பழைய வீடியோ எதையாவது எடுத்து அவர் கையை மட்டும் பாருங்கள், சட்டென்று பிடிபடும். இதனால் தாளம் ஒரு இழை பின்னால் சாய்ந்தே நடக்கும், அவசரமே இருக்காது. மற்றப் பாட்டுகளில் வாசிக்கிற ஸ்டீவ் ஜார்டன் சாதாரண ஆள் இல்லை, சார்லியே கைகாட்டிவிட்டுப் போனவர். அவர் அடி தரையில் ஊன்றி நிற்கிறது, சார்லியின் அடி நடந்துகொண்டே இருக்கிறது. ஆறாவது பாட்டு முடிந்து ஏழாவது தொடங்கும்போது இந்த வித்தியாசம் காதிலேயே விழுகிறது. நான் படித்த விமர்சனங்களில் இதைப் பற்றி ஒரு வரி தேடினேன். சார்லி இதில் இருக்கிறார் என்று கண்கலங்கியிருந்தார்களே தவிர, என்ன வாசித்திருக்கிறார் என்று எழுதவில்லை.

விருந்தாளிகள் விஷயமும் அப்படித்தான். பால் மெக்கார்ட்னி, எல்டன் ஜான், ஸ்டீவி வொண்டர், லேடி காகா என்று கல்யாணப் பத்திரிகையில் ‘முன்னிலை வகிப்போர்’ போடுகிற மாதிரி பெயரைப் போட்டுவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டார்கள். ‘பைட் மை ஹெட் ஆஃப்’ பாட்டில் மெக்கார்ட்னி கரகரவென்று அழுக்குச் சத்தத்தோடு பேஸ் கிட்டார் வாசிக்கிறார், நடுவில் அந்தக் கரகரப்பிலேயே ஒரு தனியாவர்த்தனமும் உண்டு. பீட்டில்ஸ்காரர் ஸ்டோன்ஸ் ஆல்பத்தில் இருக்கிறார் என்பதைவிட அவர் அங்கே இப்படி வாசித்தார் என்பது எனக்குப் பெரிய செய்தி. ‘லிவ் பை த ஸ்வோர்ட்’டில் பேஸ் வாசிப்பவர் பில் வைமன், தொண்ணூறுகளின் தொடக்கத்திலேயே குழுவை விட்டுப் போனவர். அவரும் சார்லியும் ஒரே பாட்டில் சேர்ந்தால் அடித்தளம் எப்படி இருக்கும் என்று கேட்க எத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

குறையே இல்லையா? நிறைய இருக்கிறது. பிட்ச்ஃபோர்க் என்கிற இசை விமர்சன இணையதளம் பத்துக்கு 4.5 போட்டபோது ரசிகர்கள் கொதித்தார்கள், எனக்கு அந்த மதிப்பெண்ணோடு பெரிய சண்டை இல்லை. ஆண்ட்ரூ வாட் எல்லாவற்றையும் துடைத்துப் பளபளப்பாக்கி முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறார். குரலும் முன்னால், டிரம்மும் முன்னால், கிட்டாரும் முன்னால். ஸ்டோன்ஸ் பாட்டில் பாதிப் பாட்டே நடுவில் விடுகிற இடைவெளிதான். கீத் ஆறாவது தந்தியைக் கழற்றிவிட்டு ஐந்து தந்தியில் ஓப்பன் ஜி சுருதி (தந்தியை அழுத்தாமல் தட்டினாலே ஜி கார்டு கேட்கும்) வைத்து ரெண்டு தட்டுத் தட்டிவிட்டுச் சும்மா நிற்பார், அந்தச் சும்மாவுக்குள் இன்னொரு கிட்டார்காரர் ரானி வுட் புகுந்து வருவார். இங்கே அந்த இடத்தையெல்லாம் ஏதோ ஒரு சத்தம் வந்து நிரப்பிவிடுகிறது. முதல் மூன்று பாட்டிலும் வாட் கூட்டாசிரியர், மூன்றும் சட்டென்று காதில் ஒட்டும், சட்டென்று உதிரவும் செய்யும். கீத்துக்கு விரல்களில் மூட்டுவாதம், அதனால் வாசிப்பு மாறியிருக்கிறது என்று அவரே சொல்லியிருக்கிறார். அந்த மாற்றம் எப்படி இருக்கிறது என்று தனியாகக் கேட்க இந்த ஒலிக்கலவை நம்மை விடுவதில்லை என்பதுதான் என் மனத்தாங்கல். வயசு பற்றி எழுதியே தீருவேன் என்றால் இதை எழுதியிருக்கலாமே.

ஆனால் கடைசி ரெண்டு பாட்டில் இந்தப் பளபளப்பு விலகுகிறது. ‘ஸ்வீட் சவுண்ட்ஸ் ஆஃப் ஹெவன்’ ஏழு நிமிஷத்துக்கும் மேல். பக்கத்து ஸ்டுடியோவில் வேலையாக இருந்த லேடி காகா எட்டிப் பார்க்க வந்து, தரையில் உட்கார்ந்து கூடவே பாட ஆரம்பித்ததாக மிக் சொல்லியிருக்கிறார். பாட்டைக் கேட்டால் நம்பத் தோன்றுகிறது. முடிந்துவிட்டது என்று நாம் நினைக்கிற இடத்தில் ஸ்டீவி வொண்டரின் கீபோர்ட் மெல்ல மறுபடி எடுத்துக்கொடுக்க, மிக்கும் காகாவும் ஒருத்தரை ஒருத்தர் சீண்டிச் சீண்டி மேலே ஏற்றுகிறார்கள். அதற்கடுத்து ‘ரோலிங் ஸ்டோன் புளூஸ்’, புளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸ் 1950-இல் பதிவுசெய்த பாட்டு, குழு தன் பெயரையே அதிலிருந்துதான் எடுத்தது. மிக்கின் குரலும் மவுத் ஆர்கனும், கீத்தின் கிட்டாரும், அவ்வளவுதான். கீத் ஒரு சுரத்தை எடுத்துவிட்டு அடுத்ததற்கு யோசிக்கிற மாதிரி நிற்பது நன்றாகக் கேட்கிறது.

இதைக் கேட்டுவிட்டு எத்தனையோ பேர் வட்டம் பூர்த்தியாகிவிட்டது, இதுதான் விடைபெறுதல் என்று இரங்கல் எழுதிவிட்டார்கள். அடுத்த ஆல்பத்துக்கான பாட்டுகளில் பெரும்பகுதி தயார் என்று மிக் அப்போதே சொல்லிக்கொண்டிருந்தார், அது யார் காதிலும் ஏறவில்லை. 2024-இல் அமெரிக்கா முழுக்கச் சுற்றினார்கள் (அந்தச் சுற்றுப்பயணத்துக்கு ஸ்பான்சர் அங்கே முதியோருக்கான ஏ.ஏ.ஆர்.பி. அமைப்பு, கிண்டலை அவர்களே முந்திக்கொண்டார்கள்). 2025 பிப்ரவரியில் சிறந்த ராக் ஆல்பத்துக்கான கிராமி வந்தது. இதே விருதை 1995-இல், அது முதன்முதலாகக் கொடுக்கப்பட்டபோது, ‘வூடூ லவுஞ்ச்’ வாங்கியிருந்தது. கிராமியை வைத்து நான் எந்த ஆல்பத்தையும் எடை போடுவதில்லை, 30 வருஷ இடைவெளியை ரசித்தேன், அவ்வளவுதான்.

என் கணக்கு இது: பாட்டு வரிசையில் ஏழு, எட்டு (சார்லி வாசித்தவை), பதினொன்று, பன்னிரண்டு (கடைசி ரெண்டு), இந்த நான்கையும் அவர்களின் எந்தக் காலத்து ஆல்பத்திலும் கூசாமல் வைக்கலாம். கீத் பாடுகிற ‘டெல் மீ ஸ்ட்ரெய்ட்’டை யாரும் சீண்டவில்லை, மூணு நிமிஷம்கூட இல்லாத பாட்டு, ராத்திரி ஹெட்போனில் கேளுங்கள். ‘ஹோல் வைட் வேர்ல்ட்’டைத் தூக்கிவிட்டால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ‘டிரைவிங் மீ டூ ஹார்ட்’ தொடங்குகிற விதம் அப்படியே ‘டம்ப்ளிங் டைஸ்’ஸாச்சே என்று யாராவது சண்டைக்கு வந்தால் மறுக்கப்போவதில்லை, ஆனால் அதுவும் அவர்கள் பாட்டுதானே.