பத்து வருசம் கழிச்சு அந்த வண்டிய யாரு பாக்குறது?

அந்தக் கல்யாண வீடியோவ எல்லாரும் பாத்திருப்பீக. பள்ளத்தூர்ல பொண்ணு வீட்டு முகப்புக்கு முன்னாடி பழைய ஜீப்பு நின்னு போச்சு, பெரியவர் ஒருத்தர் வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு பானெட்டுக்குள்ள குனிஞ்சு கெடக்காரு, பக்கத்துல ஜெர்மன் கார்ல வந்த தம்பி "நம்மூரு தகரமெல்லாம் இம்புட்டுதான்"னு சிரிச்சுக்கிட்டே எடுத்துப் போட்டுட்டாப்ல. அதுக்கு எத்தனை பேரு சிரிப்பு போட்டுருக்கீக, எனக்குத் தெரிஞ்சவுகளே. மனசு ஆறல.

அந்த ஜீப்புக்கு ஒண்ணுமில்ல, டீசல் லைன்ல காத்து புடிச்சிருந்துச்சு. பெரியவரு கையால பம்ப் அடிச்சுக் காத்த எடுத்துவிட்டாரு, வண்டி கெளம்பிருச்சு, பொண்ணு மாப்பிள்ளைய கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனதும் அதே ஜீப்புதான். அது வீடியோவுல வரல.

நான் ஃபாரின் வண்டி மட்டம்னு சொல்ல வரல. ஒரு வண்டி நீண்ட நாள் உழைக்குமா உழைக்காதாங்கிறது, பத்து வருசம் கழிச்சு காரைக்குடிக்குள்ள அதுக்கு சாமான் கெடைக்குமா, கை வைக்க ஆள் இருக்கா, இந்த ரெண்டுலதான் இருக்கு. புதுசுல எல்லா வண்டியும் நல்லாத்தான் ஓடும். ஏழெட்டு வருசம் தாண்டுனா நம்மூரு வெயிலுக்கு ரப்பர் ஹோஸ் எல்லாம் வெறைச்சுப் போகும், சஸ்பென்ஷன் புஷ் அடி வாங்கும், செம்மண் புழுதி ஃபில்டர அடைக்கும், போர் தண்ணிய ரேடியேட்டர்ல ஊத்துனா உப்புப் படிஞ்சு எஞ்சின் சூடேறும். இது எந்த நாட்டு வண்டிக்கும் வரும். அப்ப சாமான் பக்கத்துக் கடையில கெடைக்குதா, இல்ல எங்கருந்தோ வரணுமா? அதான் கேள்வி.

எங்கப்பா கானாடுகாத்தான்ல ஒரு ஆச்சி வீட்டுக்கு டிரைவரா இருந்தவரு. அம்பாசடர். ராமேஸ்வரம், பழனி, மெட்ராஸ், எங்க போறதா இருந்தாலும் முதல் நாள் ராத்திரி வண்டிக்கு அடியில பாயப் போட்டுப் படுத்து கிரீஸ் அடிப்பாரு, ஃபேன் பெல்ட்ட அமுக்கிப் பாப்பாரு, பாயிண்ட்ட தீட்டி வைப்பாரு. அந்தக் காலத்துல இங்க பெரிய வீடுகள்ல சீமைக் காருகளும் வருசக்கணக்கா ஓடுச்சுன்னு பெருமையா சொல்றோம்ல, அதெல்லாம் சீமையில செஞ்சதாலயா ஓடுச்சு? ஒவ்வொரு வண்டிக்குப் பின்னாடியும் எங்கப்பா மாதிரி ஒரு ஆளு இருந்தாரு. அவுக பேரு எந்தப் போட்டோவுக்குக் கீழயும் இல்ல.

உடனே ஒருத்தர் வருவாரு, "அம்பாசடரே இங்கிலாந்து மாரிஸ் ஆக்ஸ்போர்டு காருதானே, பொலிரோ வந்தப்ப அதுல இருந்ததே பிரான்ஸ் பெஜோ கம்பெனி டிசைன் எஞ்சின்தானே, மாருதின்னா சுசுகிதானே"ன்னு. ஆமாங்க. ஃபியட்டோட 1.3 டீசல் எஞ்சின்கூடத்தான் ஸ்விஃப்ட்லயும் ஓடுச்சு, டாடா இண்டிகா விஸ்டாலயும் ஓடுச்சு. அதத்தான் நானும் சொல்றேன்! இங்கயே செஞ்சு, இங்கயே சாமான் போட்டு, நம்ம பையங்க பிரிச்சு மாட்டிப் பழகுனதுக்கப்புறம் அது நம்ம வண்டி. அம்பாசடர் 2014லயே நின்னு போச்சு, மாருதி 800ம் அதே வருசம்தான் நின்னுச்சு. இன்னைக்கும் 800க்கு கிளட்ச் பிளேட் வேணும்னா கடையில எடுத்து நீட்டுறாக.

இன்னோவா? அதுவும் இந்தக் கணக்குலதான் வரும். 2005லருந்து பெங்களூர் பக்கத்துல பிடதியில செய்யுறாக, ஸ்டாண்டுல எந்த டிரைவரக் கேட்டாலும் அதோட வியாதி மருந்து ரெண்டும் சொல்லுவாக. இண்டிகா 1998ல வந்தப்ப ஏகப்பட்ட புகார் வந்துச்சு, மறைக்கல, 2001ல வி2ன்னு திருத்திக் கொண்டாந்தாக, அதுக்கப்புறம் டாக்சிக்காரவுக எத்தனை பேரு அதுல பொழச்சாக! 2018ல டாடா நெக்ஸான், வண்டிய மோத விட்டுப் பாதுகாப்பு பாக்குற குளோபல் என்கேப் டெஸ்ட்ல அஞ்சு ஸ்டார் வாங்குச்சு, அப்பவும் தகரமா?

கம்பெனிய நம்பலாம்னு சொல்றவுகளுக்கு ஒண்ணு. ஜெனரல் மோட்டார்ஸ் 2017ல இங்க விக்கிறத நிறுத்துச்சு. ஃபோர்டு நம்ம மறைமலை நகர்லயே ஃபேக்டரி வச்சிருந்து, 2021ல முடிச்சுக்கிறோம்னு அறிவிச்சுது. சர்வீஸ் தொடரும்னாக, சரி. ஆனா பெரிய ஊர்ல இருக்கிறவுகளுக்கும் காரைக்குடிக்காரனுக்கும் அந்த வார்த்தை ஒண்ணாயிருமா?

நானும் ஒரு வெளிநாட்டுக் கம்பெனி கார் வச்சிருந்தவன்தான், பேரு வேணாம். எல்லாச் சாமானும் கெடைக்கும்னு சத்தியம் பண்ணாத குறையா சொல்லித்தான் ஏஜென்சியில தலையில கட்டுனாக. ஸ்டியரிங் பக்கம் ஒரு சின்ன கரண்டு கோளாறு, முழு யூனிட்டையும் மாத்தணும், ஆர்டர் போட்டுருக்கோம்னாக, பொங்கல் போயி மாசியும் போச்சு. வண்டி அவுக ஷெட்டுல கெடந்துச்சு, எங்கம்மாவ மதுரை ஆஸ்பத்திரிக்கு ஒவ்வொரு தடவையும் வாடகைக் கார்லதான் கூட்டிட்டுப் போனேன். அந்தக் கார்லயும் ஓடுனது நம்ம நாட்டு எஞ்சின்தான். எங்கயும் நிக்கல. அதுக்கப்புறம் ஒருத்தன் தகரம்னு சொன்னா எனக்கு வலிக்காதா?

இங்க வீட்டப் பூட்டிட்டு வெளிநாட்டுல இருக்கிறவுக திருவிழாவுக்கு மட்டும் எடுக்குறதுக்குன்னே கார் வாங்கிப் போடுறாக. பேட்டரி செத்துரும், எலி வயரக் கடிச்சிரும், டயர் ஒரே பக்கம் அமுங்கிரும். புது டீசல் வண்டியா இருந்தா புகைய வடிகட்டுற டிபிஎஃப்னு ஒரு ஃபில்டர் இருக்கு, கொஞ்ச தூரம் சூடா ஓடுனாத்தான் அதுல சேர்ந்த புகைக்கரி எரியும், கடைத்தெருவுக்கும் கோயிலுக்கும் மட்டும் எடுத்தா அடைச்சுக்கும். நம்ம நாடா அந்நியமாங்கிறதெல்லாம் அங்க கெடையாது. அப்பவும் வந்து எறங்குனதும் கூப்புடுறது கழனிவாசல் பக்கம் இருக்கிற மெக்கானிக்கத்தான். அவரு ராத்திரியோட ராத்திரியா வந்து பாப்பாரு, கூலி கேட்டா "இதுக்கா இம்புட்டு"ன்னு பேரம்! ஷோரூம்ல கம்ப்யூட்டர் மாட்டிப் பாக்குறதுக்கு மட்டும் கேட்ட காசக் குடுத்துட்டு வாயத் தொறக்காம வர்றாக.

எனக்குக் கோவமே இதுலதான்னு எழுத எழுதத் தெரியுது. வண்டியச் சொன்னாக்கூடப் பரவாயில்ல. அந்தப் பெரியவரு கையில இருந்த எண்ணெய்க் கறையப் பெருசு பண்ணிக் காட்டிருக்காப்ல அந்தத் தம்பி. இவுக பட்டறையில இப்ப வேல கத்துக்கப் பையங்களே வர்றதில்ல, வந்தாலும் நெலைக்கிறதில்ல. இப்படி ஊருக்கு முன்னாடி கேலி பண்ணா எவன் வருவான்? இவுக போயிட்டா அந்த ஜெர்மன் காரையும் திருச்சிக்கோ மதுரைக்கோ கட்டித்தான் இழுத்துட்டுப் போகணும்.

செகண்ட்ஸ்ல கார் பாத்துக்கிட்டு எங்கிட்ட கேக்குறவுகளுக்கும் இங்கயே சொல்லிர்றேன். எந்தக் கம்பெனியா இருந்தாலும் நம்மூரு மெக்கானிக் ஒருத்தரக் கூட்டிட்டுப் போயி காட்டுங்க, லிஃப்ட்ல ஏத்தி அடியப் பாக்கச் சொல்லுங்க, சாமான் எங்க கெடைக்கும்னு அவருகிட்டயே கேளுங்க. வேணாம்னு அவரு சொல்லி நீங்க வாங்காம வந்தாலும் அவரு கூலிய அன்னைக்கே குடுத்துருங்க.