"நெறிமுறைகளைப் பின்பற்றி..."

"அரசின் வழிகாட்டு நெறிமுறைகளைப் பின்பற்றி ஆராதனை நடத்திக்கொள்ளலாம்." அவ்வளவுதான். கீழே கையெழுத்து, முத்திரை. 2020-இல் கொரோனாவால் ஐந்து மாதத்துக்கும் மேலாகப் பூட்டிக் கிடந்த ஆலயங்களைத் திறக்க ஒரு திருமண்டல (பேராயரின் ஆட்சிப் பகுதி) அலுவலகத்துக்கு வாய்த்தது இந்த ஒரு வரி. எந்த அலுவலகம் என்று நான் சொல்லப்போவதில்லை. சுற்றறிக்கை அப்போதே எல்லார் போனிலும் வந்ததுதான்.

செப்டம்பர் 1 முதல் தமிழ்நாட்டில் திறந்ததைத் தப்பு என்று சொல்லவில்லை. மார்ச்சில் மூடியதும் தப்பில்லை. ஆனால் திறப்பதா மூடுவதா என்பது தலைவர்கள் எடுக்க வேண்டிய முடிவில் கால்வாசிதான். உள்ளே என்ன செய்வது என்பது மீதி முக்கால். அந்த முக்காலையும் ஊர் ஆலயத்தைக் கவனிக்கும் உபதேசியார் தலையில் இறக்கிவிட்டார்கள்.

"மத்திய சுகாதார அமைச்சகம் ஜூன் 4 அன்றே விளக்கமாகச் சொல்லியிருக்கிறதே" என்பீர்கள். படித்தாயிற்று. 6 அடி இடைவெளி, பாடகர் குழு கூடாது, பதிவு செய்த பாட்டு போடலாம், தீர்த்தம் தெளிக்கக் கூடாது, பிரசாதம் கூடாது. எல்லா மதத்துக்கும் பொதுவாக எழுதியது. அப்பமும் திராட்சை ரசமும் பகிரும் திருவிருந்து பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. அப்பமும் பாத்திரமும் பிரசாதக் கணக்கில் வருமா வராதா என்று சுகாதார அமைச்சகமா சொல்லும்? அதற்குத்தானே ஐயா பேராயர்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். பீடத்தின் முன்னால் 20 அடிக் கிராதித் தடுப்பு இருந்தால் வழக்கமாக ஒரு பந்தியில் 12 பேர் முழங்காலிடுவார்கள். 6 அடி விட்டால் 4 பேர். 200 பேருக்கு 17 பந்தியில் முடிந்தது இனி 50 பந்தி. பந்திக்கு 2 நிமிடம் என்றால் அதுவே 100 நிமிடம். முழங்காலிடாமல், தரையில் அடையாளம் போட்டு, வரிசையில் வந்து கையில் வாங்கிப் போகச் சொன்னால் தீரும். ஆனால் அதை உபதேசியார் சொன்னால் "வழக்கத்தை மாத்த நீ யாரு?" என்பார்கள். பேராயர் எழுதினால் வாய் திறக்க மாட்டார்கள்.

பாத்திரம் இன்னும் சிக்கல். ஒரே கிண்ணத்தைத் துணியால் துடைத்துத் திருப்பித் திருப்பிக் கொடுத்தால், நாலைந்து பேரில் முதல் ஆள் வாய் வைத்த இடமே வந்துவிடும், துணியும் அதே துணி. திராட்சை ரசத்தில் இருக்கும் கொஞ்ச நஞ்ச ஆல்கஹால் கிருமியைக் கொல்லாது. அப்பத்தைத் தோய்த்துக் கொடுப்பதும் பாதுகாப்பில்லை, விரல் ரசத்தில் படும். தனிக்கிண்ணம் என்றால் முகக்கவசத்தோடு ஒருவரே ஊற்றி, மூடி வைத்து, அவரவர் எடுத்து, காலிக் கிண்ணத்தை வேறு தட்டில் வைக்க வேண்டும். இன்னொன்று: சானிடைசர் போட்ட கை காய்வதற்குள் மெழுகுவர்த்தி ஏற்றக் கூடாது, தீப்பிடிக்கும். இதைக்கூட எழுதத்தான் வேண்டும்.

பெஞ்சுக்கு வருவோம். 40-க்கு 80 அடி ஆலயத்தில் ஆளுக்கு 36 சதுர அடி விட்டால், நடைபாதையும் பீடமும் போக 60 பேர் உட்கார்ந்தால் அதிகம். அப்படியென்றால் மூன்று நான்கு ஆராதனை, நடுவில் ஒவ்வொரு முறையும் துடைக்க வேண்டும். கடையில் வாங்கும் 5 சதவீத ஹைப்போகுளோரைட் கிருமிநாசினி ஒரு பங்குக்குத் தண்ணீர் 4 பங்கு. தெளித்ததும் துடைக்காமல் 10 நிமிடம் விட வேண்டும். பித்தளைச் சிலுவையிலும் மைக்கிலும் அது படக் கூடாது, அரித்துவிடும். அவற்றுக்கு 70 சதவீத ஆல்கஹால். கழிவறை ஆசிட்டோடு தப்பித் தவறியும் கலக்கக் கூடாது, குளோரின் வாயு கிளம்பும். ஆலயத்தைக் கூட்டித் துடைக்கும் கோயில்குட்டிக்கு இதையெல்லாம் சொல்லிக் கொடுப்பது யார்?

நல்ல மனசு மட்டும் போதாது என்பதற்குக் கொரியாவே சாட்சி. சொங்னாம் நகரில் ஒரு சபையார் கிருமி சாகும் என்று நம்பி, வந்தவர்கள் வாயில் உப்புத் தண்ணீர் தெளித்தார்கள், எல்லாருக்கும் ஒரே பாட்டிலில். 40 பேருக்கு மேல் தொற்று. அமெரிக்காவின் ஸ்காஜிட் பள்ளத்தாக்கில் மார்ச் 10 அன்று ஓர் ஆலயத்தில் 61 பேர் இரண்டரை மணி நேரம் பாட்டுப் பயிற்சி செய்தார்கள். 53 பேருக்கு நோய், 2 பேர் இறந்தார்கள். கீர்த்தனையைச் சத்தமாகப் பாடலாமா, மனதுக்குள் பாடலாமா என்று நம் சுற்றறிக்கை சொல்கிறதா? மூச்!

இத்தாலியில் என்ன செய்தார்கள்? அவர்களும் தடுமாறினார்கள்தான். மார்ச் 12-இல் ரோமின் ஆலயங்களை எல்லாம் மூடச் சொன்ன கர்தினால் தே டொனாத்திஸ் (அப்போது போப்பின் சார்பில் ரோம் மறைமாவட்டத்தை நிர்வகித்தவர்) மறுநாளே அதைத் தளர்த்தினார். மாற்றிக்கொள்வது குற்றமா? இல்லை. ஆனால் மே 7-இல் ஆயர்கள் அரசோடு கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், நற்கருணை (அவர்களின் திருவிருந்து) கொடுப்பவர் கையுறை போட வேண்டும், வாங்குபவர் கையைத் தொடக் கூடாது, ஆர்கன் வாசிக்கலாம் பாடகர் குழு கூடாது, தீர்த்தத் தொட்டி காலியாக இருக்க வேண்டும், 37.5 டிகிரி காய்ச்சல் இருந்தால் உள்ளே வரக் கூடாது என்று வரிவரியாக இருந்தது. மே 18-இல்தான் திறந்தார்கள். அந்த மே 7-இல் நம் ஊரில் திறந்தது டாஸ்மாக்.

ஆமாம், "டாஸ்மாக் திறக்கலாம், ஆலயம் திறக்கக் கூடாதா" என்ற கேள்வி நியாயம்தான், கோபமும் நியாயம். ஆனால் பாட்டில் வாங்குகிறவன் பக்கத்தில் நின்று ஒன்றரை மணி நேரம் பாடுவதில்லை. "உனக்கு விசுவாசம் இல்லை" என்கிறவர்களுக்குப் பதில் இல்லை. விசுவாசத்தோடு கிண்ணத்தையும் கழுவலாம். "குறை சொல்வது சுலபம்" என்பவர்களுக்கு: மேலே எழுதியதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள், காசு வேண்டாம்.

என்னை உறுத்துவது வேறு. 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் வீட்டில் இருக்கச் சொன்னது நெறிமுறை. விடியற்கால ஆராதனைக்கு முதல் ஆளாய் வருவது யார்? அவர்கள்தான். சம்மனசு (தேவதூதர்) மாதிரி வெள்ளைச் சேலை கட்டி வந்து நிற்கும் பெரியம்மாவை வாசலில் மறித்து, "நீங்க வீட்டுக்குப் போங்க" என்று பேராயர் சொல்லப்போவதில்லை. உபதேசியார் சொல்வார். அவர் வாங்குகிற சம்பளத்துக்கு அந்தத் திட்டும் சேர்த்து. பெரியம்மாவுக்கு வீட்டுத் திண்ணையில் திருவிருந்து கொடுக்கலாமா, யார் போவது, எந்தக் கிழமை? அதுவும் இல்லை.

செப்டம்பர் 6ஆம் தேதி ஞாயிறு காலை மணி அடித்தாக வேண்டியிருந்தது. ஹைப்போ கேன் யார் காசில் வாங்குவது என்றாவது எழுதியிருக்கலாம்.