மீட்டரைக் கையில் எடுக்காமல் செட்டை மாற்றச் சொல்லாதீர்கள்

காரில் பாட்டு ஓடும் ஆடியோ செட்டு பாதியில் கட் ஆகிறது என்று எந்தக் கடையில் போய் நின்றாலும் ஒரே பதில்தான் வருகிறது. "செட்டு போயிட்டு அண்ணாச்சி, புதுசு போட்டுருங்க." டேஷ்போர்டைக் கழற்றவில்லை, பியூஸைப் பார்க்கவில்லை, ஒரு வயரைக்கூடத் தொடவில்லை. அதற்குள் தீர்ப்பு. எனக்கு வயிறு எரிகிறது.

திருநெல்வேலிக்கும் வள்ளியூருக்கும் அடிக்கடி போய் வருகிற குடும்பம் எங்களுடையது. அப்பா வண்டியில் ஏறினாலே பழைய பாட்டு வேண்டும். நாலுவழிச் சாலையில் நாங்குநேரி தாண்டி, காற்றுச் சத்தத்துக்கு மேலே கேட்கட்டும் என்று கொஞ்சம் கூட்டி வைத்தால் திரை அணைந்துவிடும். பிறகு லோகோ வரும். பாட்டு திரும்ப முதலிலிருந்து தொடங்கும். கடிகாரம் 12:00 என்று நிற்கும். ஊருக்குள் வேகத்தடை ஏறி இறங்கினாலும் இதே கதைதான். கடைசியில் அப்பாவே "ஏல, அத அமத்திப் போடு" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். அவர் வண்டியில் எதிர்பார்ப்பதே அந்தப் பாட்டு ஒன்றைத்தான்.

கடைக்காரர் சொன்னபடி புது செட்டும் மாட்டியாயிற்று. பழையதை எக்ஸ்சேஞ்ச் என்று அடிமாட்டு விலைக்கு எடுத்துக்கொண்டார். பணம்தான் போனது, பழுது போகவில்லை. புது செட்டும் அதே மாதிரி அணைந்து அணைந்து எழுந்தது. திரும்பப் போய்க் கேட்டால், "அப்பம் ஸ்பீக்கராத்தான் இருக்கும்." அடுத்த முறை, "பேட்டரி வீக்கா இருக்கும்." அதற்கும் அடுத்து, "இந்த வெயிலுக்கு அப்படித்தான் அண்ணாச்சி." பாளையங்கோட்டை வெயில் நேற்று வந்ததா? இந்த வெயிலில் ஓடுவதற்குத்தானே வண்டியும் செட்டும் வாங்குகிறோம்.

வயக்காட்டுக் கிணற்றில் மோட்டார் தண்ணீர் எடுக்கவில்லை என்றால் முதலில் புட்வால்வைப் பார்ப்பார்கள், பியூஸைப் பார்ப்பார்கள். வந்ததும் வராததுமாக மோட்டாரையே மாற்று என்று சொல்கிறவரை எந்த விவசாயியாவது அடுத்த தடவை கூப்பிடுவாரா? காரில் மட்டும் ஏன் இதைப் பொறுத்துக்கொள்கிறோம்?

இத்தனைக்கும் பழுது எங்கே என்று செட்டே பாதி சொல்லிவிடுகிறது. செட்டு முழுசாக அணைந்து, கடிகாரமும் அழிந்து, திரும்ப எழுந்தால் அது கரண்ட் சமாச்சாரம். மஞ்சள் வயரிலோ, கறுப்பு எர்த் வயரிலோ தொடர்பு விட்டு வருகிறது. மஞ்சள் பேட்டரியிலிருந்து எப்போதும் 12 வோல்ட் வருவது. கடிகாரமும் சேமித்த ஸ்டேஷன்களும் அதை நம்பித்தான் இருக்கின்றன. அணைந்து எழுந்தாலும் கடிகாரம் சரியாக இருக்கிறதென்றால் சாவி திருப்பினால் வரும் சிவப்பு வயரைப் பார்க்க வேண்டும். திரை எரிந்துகொண்டே இருந்து சத்தம் மட்டும் நின்றால் ஸ்பீக்கர் வயர் எங்கோ வண்டியின் இரும்பு பாடியில் உரசி, செட்டு தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது என்று சந்தேகப்படலாம். ஒரு கதவு மட்டும் விட்டு விட்டுப் பாடினால் அந்தக் கதவின் வயர். எங்கள் வண்டியில் கடிகாரம் அழிகிறது என்று ஒவ்வொரு முறையும் சொன்னேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கடைசியில் நானே டேஷ்போர்டைக் கழற்றினேன். உள்ளே பார்த்ததும் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. வண்டியோடு வந்த கப்ளரை, அதாவது வயர்களைச் செட்டோடு சேர்க்கும் சொருகியை, வெட்டி எறிந்திருக்கிறார்கள். அதற்குப் பொருத்தமான கப்ளர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, வாங்கிச் சொருகினால் ஒரு வயரையும் வெட்ட வேண்டாம். அதை விட்டுவிட்டு வயரை வயரோடு முறுக்கி இன்சுலேஷன் டேப்பைச் சுற்றியிருந்தார்கள். வெயிலில் பசை உருகி டேப் கழன்று தொங்கியது. எர்த் வயரைப் பெயின்ட் அடித்த ஒரு தகட்டில், பெயின்ட்டைச் சுரண்டாமலேயே, ஒரு ஸ்குருவுக்கு அடியில் செருகி விட்டிருந்தார்கள். பெயின்ட் வழியாகக் கரண்ட் எப்படிப் போகும்? ஏரியல் வயரின் மேல்வலை வழியாகவும் ஸ்குருவின் மரை வழியாகவும் கிடைத்த கொஞ்சத்தை வைத்துத்தான் அந்தச் செட்டு இத்தனை நாள் பாடியிருக்கிறது.

வோல்ட் அளக்கும் மீட்டரின் ஒரு முனையைச் செட்டின் எர்த்திலும் இன்னொன்றைப் பேட்டரி நெகட்டிவிலும் வைத்து, பாட்டை ஓடவிட்டு அளந்தேன். 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டிய இடம் அது. சத்தம் குறைவாக இருக்கும்போதே 2 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. கூட்டக் கூட்ட ஏறியது. இதைப் பாட்டு ஓடும்போது அளப்பதுதான் முக்கியம். செட்டை அணைத்துவிட்டு அளந்தால் எல்லாம் சரி என்பதுபோல் பூஜ்யம்தான் காட்டும், ஏனென்றால் அப்போது கரண்ட் ஓடவில்லை. ஜாயிண்டில் அரை ஓம் தடை இருந்தால் போதும், 6 ஆம்பியர் ஓடும்போது 3 வோல்ட் அங்கேயே போய்விடும், செட்டுக்கு வோல்ட் பற்றாது. சத்தம் கூட்டினால் அணைவதற்குக் காரணம் இதுதான்.

பெயின்ட்டைச் சுரண்டி, வயர் முனையில் லக் என்கிற உலோக வளையம் அடித்து, போல்ட்டை இறுக்கினேன். மீட்டரில் கிட்டத்தட்ட பூஜ்யம். மற்ற ஜாயிண்டுகளுக்கு ஈயம் வைத்து, சூடு காட்டினால் சுருங்கும் பிளாஸ்டிக் குழாய் போட்டேன். அதன்பிறகு அணையவே இல்லை. அப்படியென்றால் எக்ஸ்சேஞ்சில் போன அந்தப் பழைய செட்டுக்கு என்ன குறை? ஒன்றுமில்லை! நல்ல செட்டைத் தூக்கிக் கொடுக்க வைத்திருக்கிறார்கள். கேட்டால், "நாங்க டேப் நல்லாத்தான் சுத்துனோம்" என்கிறார்கள்.

உவரி, கூடங்குளம் பக்கம் வண்டி வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். உப்புக் காற்றில் திறந்து கிடக்கும் செம்பு பச்சை பூத்துவிடும், முறுக்கி விட்ட ஜாயிண்ட் சீக்கிரமே போய்விடும்.

இதைவிட மோசமான ஒரு வேலையும் நடக்கிறது. 10 ஆம்பியர் பியூஸ் அடிக்கடி போகிறது என்றால், ஏன் போகிறது என்று தேடாமல் 20 போட்டு விடுகிறார்கள். சில இடங்களில் பியூஸுக்குப் பதில் வயரையே சுற்றி வைக்கிறார்கள். அடுத்த முறை பியூஸ் போகாது, வயர்தான் காய்ந்து எரியும். குடும்பத்தோடு போகிற வண்டி அது. இதைச் செய்கிறவர்களை மன்னிக்கவே முடியாது.

இப்போது வலதுபக்கப் பின்கதவில் மட்டும் பாட்டு நின்று நின்று வருகிறது. கதவைத் திறந்து மூடும்போது வந்து போகிறது, ஆகவே கதவுக்கும் அது மாட்டியிருக்கும் பாடித் தூணுக்கும் நடுவே ரப்பர் குழாய்க்குள் வயர் ஒடிந்திருக்க வேண்டும். கடையில் போன் பண்ணிக் கேட்டேன். வண்டியைக் கொண்டு வரச் சொல்லவில்லை. "ஸ்பீக்கர் ஜோடியா மாத்தணும் அண்ணாச்சி" என்று விலையைச் சொன்னார்கள்.