எந்த எக்கினேசியா என்று கேட்டது குற்றமா?

நேற்று ராத்திரியிலிருந்து அந்த ஸ்கிரீன்ஷாட் சுற்றிக்கொண்டிருக்கிறது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். என் கமெண்டைச் சுற்றிச் சிவப்பு வட்டம், மேலே 'படித்த முட்டாள்' என்று பட்டம். 'எக்கினேசியா என்ற மூலிகை சளியைத் தடுக்கும், அறிவியல் நிரூபித்துவிட்டது' என்று ஒருவர் போட்ட பதிவுக்குக் கீழே நான் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "எந்த எக்கினேசியா? வேரா, இலையா?"

இதில் முட்டாள்தனம் எங்கே இருக்கிறது என்று காலையிலிருந்து தேடுகிறேன்.

அப்படி எழுதினால் கேட்கத்தான் செய்வார்கள். எக்கினேசியா என்பது ஒரே செடி இல்லை. பர்ப்யூரியா, அங்கஸ்டிஃபோலியா, பல்லிடா என்று மருந்துக்கு எடுப்பதே மூன்று. ஒரு மருந்தில் வேர், ஒன்றில் பூவோடு சேர்த்துப் பிழிந்த சாறு, ஒன்றில் சாராயத்தில் ஊறவைத்த டிஞ்சர். எல்லாவற்றுக்கும் டப்பாவில் ஒரே பெயர். கீழாநெல்லியை ஆராய்ந்துவிட்டு நெல்லிக்காய்க்குச் சான்றிதழ் கொடுத்தால் ஒப்புக்கொள்வீர்களா?

1930களில் ஜெர்மனியின் மடாவுஸ் என்ற மூலிகை மருந்துத் தயாரிப்பாளர் அங்கஸ்டிஃபோலியா என்று நினைத்து வாங்கிப் போன விதை, முளைத்த பிறகு பர்ப்யூரியாவாக இருந்தது என்பார்கள். ஐரோப்பாவில் பர்ப்யூரியா மேல் இத்தனை ஆராய்ச்சி குவிந்ததே அந்த விதைப் பொட்டலத்தால்தான். அப்புறம் 1980களில், பர்ப்யூரியா வேர் என்று விற்றதில் வேறொரு வேர் இருந்ததை ஜெர்மன் ஆய்வாளர்களே கண்டுபிடித்தார்கள். பார்த்தீனியம் இன்டெக்ரிஃபோலியம். ஆமாம், நம் ஊர்ப் புறம்போக்கில் மண்டிக் கிடக்கிற பார்த்தீனியத்துக்குப் பங்காளி. இதெல்லாம் தெரிந்தவள் 'எந்த எக்கினேசியா' என்று கேட்காமல் பூங்கொத்தா கொடுப்பாள்?

'அலோபதி கம்பெனி ஏஜென்ட்' என்று ஒருவர். ஐயா, நான் அமெரிக்காவில், விஸ்கான்சினில் வீட்டுக்குப் பின்னால் பன்னிரண்டு வருடமாகக் கோன்ஃப்ளவர், அதாவது இதே எக்கினேசியா, வளர்க்கிறேன். ஆகஸ்டில் பூ காய்ந்து நடுவில் முள்ளுப் பந்து மாதிரி நிற்கும்போது மஞ்சள் குருவிகள் தலைகீழாகத் தொங்கி விதையைக் கொத்தும். அதைப் பார்ப்பதற்காகவே காய்ந்த தண்டை வெட்டாமல் விட்டு வைக்கிறேன். ஒருமுறை அங்கஸ்டிஃபோலியா வேரை ஒரு துண்டு மென்று பார்த்தேன். முதலில் மண்வாசம், பிறகு நாக்கு நுனியில் சுருசுருவென்று ஏறி மரத்துப்போனது. அந்த நிமிடம் எங்கள் அத்தைதான் கண் முன்னால் வந்தார். பல்வலி என்றால் அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்து டப்பாவிலிருந்து அக்கரகாரம் எடுத்துக் கடைவாயில் அடக்கச் சொல்வார். அதே சுருசுருப்பு. இரண்டும் சூரியகாந்திக் குடும்பம், இரண்டிலும் நாக்கை மரக்கவைப்பது அல்கமைடு என்ற வேதிப்பொருள். அமெரிக்கச் சமவெளியின் பழங்குடிகளும் பல்வலிக்கு இந்த வேரைத்தான் மென்றார்கள். பாட்டி வைத்தியத்தை இழிவு செய்தேனாம். நானா?

உண்மையில் இழிவு செய்தது யார்? 1870களில் நெப்ராஸ்காவில் மேயர் என்பவர் இந்த வேரை 'ரத்த சுத்தி' என்று புட்டியில் அடைத்து விற்றார். பாம்புக்கடிக்கும் கேட்கும், வேண்டுமானால் உங்கள் எதிரிலேயே விரியனைக் கடிக்க விடுகிறேன் என்று சின்சினாட்டி நகர மருத்துவர்களுக்குச் சவால் விட்டார். புட்டியில் அவர் பெயர். வேரைத் தலைமுறை தலைமுறையாகத் தோண்டியவர்களின் பெயர் எங்கே?

சரி, 'நிரூபித்த' கதைக்கு வருவோம். 2005இல் 437 பேரை வைத்து, சளி வைரஸை மூக்கில் விட்டே பார்த்தார்கள். அங்கஸ்டிஃபோலியா வேர்ச்சாறு ஒன்றும் செய்யவில்லை. முடிவை ஏற்காதவர்கள் டோஸ் குறைவு என்றார்கள். இருக்கலாம். 2010இல் எங்கள் விஸ்கான்சினிலேயே 719 பேர்; எக்கினேசியா எடுத்தவர்களுக்குச் சளி அரை நாள் முன்னால் விட்டது, அதுவும் தற்செயலாக இருக்கலாம் என்ற அளவுக்குத்தான். அதே ஆய்வில் இன்னொன்று: எக்கினேசியா மேல் நம்பிக்கை உள்ளவர்களில் மாத்திரை கிடைத்தவர்களுக்கு, அது வெற்று மாத்திரையாக இருந்தாலும், மாத்திரையே கிடைக்காதவர்களைவிட ஏறக்குறைய இரண்டரை நாள் முன்னால் சளி விட்டது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2014 தொகுப்பில் 24 ஆய்வுகள், 4631 பேர். சளி வராமல் தடுப்பதில் சின்னப் பலன் இருக்கலாம் என்பதற்கு மேல் அவர்களால் போக முடியவில்லை. இதற்குப் பெயர் நிரூபணமா?

இந்தப் பக்கம் 'எல்லாம் டுபாக்கூர், அறிவியல் தூக்கிப் போட்டாயிற்று' என்று கைதட்டிய தம்பிகளுக்கும் அதே கேள்விதான். எந்த எக்கினேசியாவைத் தூக்கிப் போட்டது? பதில் வராது, விடுங்கள்.

'இயற்கையானது, என்ன கெடுதல் வந்துவிடும்' என்றவருக்கு மட்டும் கொஞ்சம் சூடாகவே சொல்கிறேன். என் மகனுக்கு ஏழு வயதில், கடைக்காரர் இதே வாக்கியத்தைச் சொல்லிக் கொடுத்த சிரப்பை நானும் நம்பி ஊற்றினேன். மறுநாள் காலை முதுகு முழுக்கத் தடிப்பு. பனியனைக் கழற்றிவிட்டு ராத்திரி முழுக்க விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகுதான் படித்தேன்: 2003இல் 407 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வில், எக்கினேசியா குடித்தபோது 7.1 சதவீதம் தடிப்பு, வெற்று சிரப்புக்கு 2.7. சளியோ ஒரு நாள்கூடக் குறையவில்லை. என் பிள்ளைக்கு வந்தது அதனால்தானா என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அன்றைக்கு யாராவது ஒருவர் 'எந்த எக்கினேசியா, எந்த வயதுக்கு' என்று என்னைக் கேட்டிருக்கலாம் இல்லையா? கேட்டவரை நான் முட்டாள் என்றிருக்க மாட்டேன்.

முகம் தெரியாதவர்கள் திட்டியது பரவாயில்லை. அந்த ஸ்கிரீன்ஷாட்டுக்குக் கீழே சிரிப்பு ஸ்மைலி போட்டவர்களில் ஒருவர் எனக்குப் பதினைந்து வருடப் பழக்கம். அண்ணா என்றுதான் கூப்பிடுவேன், இன்னமும் அப்படித்தான் கூப்பிடுகிறேன். போன அக்டோபரில் வீட்டுக்கு வந்து, காப்பி குடித்து, பின்பக்கம் நின்று "இதுதானா அந்தப் பூ" என்று கேட்டு விதை வாங்கிப் போனார். ஈர மணலில் போட்டு ஃபிரிட்ஜில் இரண்டு மாதம் வையுங்கள், குளிர் பட்டால்தான் நன்றாக முளைக்கும் என்று பொட்டலத்தின் மேலேயே எழுதிக் கொடுத்தேன். பர்ப்யூரியா என்று பெயரும் எழுதியிருந்தேன்.

முளைத்ததா என்று இதுவரை சொல்லவில்லை.