மலிவுக் கமராவும் அம்மம்மாவின் பாதி முகமும்

எங்கள் வீட்டில் அம்மம்மாவின் கல்யாணப் படம் இல்லை. 1978 நவம்பரில் மட்டக்களப்பை அடித்த சூறாவளியில் கூரையோடு அல்பமும் போய்விட்டது. அதனால் பிலிம் கமரா ஒன்று வாங்கியதும் அவரைக் கல்லடிக் கடற்கரைக்குக் கூட்டிப்போய், நல்ல வெயிலில் நிற்க வைத்து எடுத்தேன்.

ரோலைக் கொழும்புக்கு அனுப்பிக் கழுவி எடுத்தபோது, படத்தின் ஒரு பக்கம் முழுக்கக் கறுப்பு. அம்மம்மாவின் பாதி முகம் அதற்குள். அடுத்த மாரி முடியுமுன் அவரும் போய்விட்டார்.

விலை குறைவு என்றுதான் அந்தக் கமராவை வாங்கினேன். விற்றவர் "நல்லா வேலை செய்யுது" என்றார். அழுத்தினால் சத்தம் வந்தது, நம்பிவிட்டேன். அப்புறம்தான் விஷயம் விளங்கியது. பிலிமுக்கு வெளிச்சத்தைத் திறந்து மூடும் ஷட்டரில் இரண்டு திரைகள். வேகம் கூடும்போது அவற்றுக்கு நடுவில் ஒரு சிறு இடைவெளி மட்டும் பிலிமின் மேல் ஓடும். உள்ளே எண்ணெய் காய்ந்து முதல் திரை தாமதித்தால், இரண்டாவது அதை எட்டிப் பிடித்துவிடும். மிச்சப் படம் இருட்டு. வினாடியில் 1/60 பங்கு திறக்கும் வேகத்தில் இது தெரியவே தெரியாது, 1/500, 1/1000 போன்ற கூடிய வேகங்களில்தான் தெரியும். நம் ஊர் வெயிலில், வெளிச்சத்தைக் கூடுதலாக உணரும் 400 பிலிம் போட்டால், லென்ஸின் துளையை எப்/16 வரை சுருக்கினாலும் 1/500 வேண்டும். பழைய கமரா எங்கே பலவீனமோ, நாம் அங்கேதான் அதை ஓட்டுகிறோம்.

மலிவாக வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கெனன் ஏஇ-1 நல்ல கமராதான். ஆனால் பற்றரி இல்லாவிட்டால் அதன் ஷட்டர் அசையாது. அதே 1976இல் வந்த பென்டக்ஸ் கே1000இல், வெளிச்சத்தை அளக்கும் ஒளிமானிக்கு மட்டுமே பற்றரி. கையில் காசு இன்னும் குறைவென்றால், சோவியத் காலத்து ஸெனிட்-ஈயைப் பாருங்கள். நல்ல பாரம், வேகமும் 1/500 வரைதான். ஆனால் பற்றரியே தேவையில்லை. ஒளிமானி செத்திருந்தால் போனில் அளந்துகொள்ளலாம். ஓடுகிறதா என்று சோதித்த ஸெனிட், சோதிக்காத பெரிய பெயரை விட எனக்கு மேல்.

வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் நமக்கு இன்னொரு எதிரி பூஞ்சணம். லென்ஸின் பின்னால் போன் வெளிச்சத்தைப் பிடித்துப் பாருங்கள், சிலந்தி வலை போல் தெரிந்தால் விட்டுவிடுங்கள். வாங்கியதைத் தோல் உறைக்குள் பூட்டி வைக்கவும் வேண்டாம், அது ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதும்.

ஷட்டரைச் சோதிக்கக் காசு தேவையில்லை. பிலிம் போடாமல் பின்கதவைத் திறந்து, வெளிச்சமான வானத்தைப் பார்த்து, கூடிய வேகத்தில் அழுத்துங்கள். பிலிம் இருக்கும் சட்டகத்தின் ஒரு ஓரம் இருட்டாகவே இருந்தால் வாங்காதீர்கள். பின்கதவைத் திறக்க விடாதவரிடமும் வாங்காதீர்கள்.

இப்போது என்னிடம் இருப்பது சேர்விஸ் செய்த கே1000. முதல் கமராவைப் போல் மூன்று மடங்கு விலை. ஒரு ரோலுக்கு 36 படம், கழுவும் கூலி, அனுப்பும் செலவு எல்லாம் வீணாய்ப் போனதைக் கூட்டினால் அது எனக்குக் கூடுதலாகத் தெரியவில்லை. அம்மாவை அதே கடற்கரையில் அதில் எடுத்தேன்.

கமரா வாங்க நினைப்பவர்கள் ஞாயிறு பின்னேரம் கல்லடிப் பக்கம் கொண்டு வாருங்கள். சேர்ந்தே பின்கதவைத் திறந்து பார்ப்போம்.