அது நல்லெண்ணெய் இல்ல தம்பி

(காரைக்குடில வீட்டோட இருக்கற ஒரு பலகாரக் கடை, மனகோலம் வாங்க நின்னுட்டு இருந்தேன், எனக்கு முன்னாடி சென்னைலேர்ந்து வந்த ஒருத்தர்)

சென்னைக்காரர்: ஆச்சி, இந்தத் தேங்குழல் நல்ல எண்ணெய்ல சுட்டதா?

ஆச்சி: நல்லெண்ணெய்ல யாரு தம்பி தேங்குழல் சுடுவா? கடலெண்ணெய்.

சென்னைக்காரர்: அப்ப நல்ல எண்ணெய் இல்லையா!

ஆச்சி: இல்ல.

சென்னைக்காரர்: என்ன ஆச்சி இவ்வளவு தைரியமா சொல்றீங்க?

ஆச்சி: இதுல பயப்பட என்ன இருக்கு, வர்றவங்க எல்லார்ட்டயும் சொல்றதுதான்.

சென்னைக்காரர்: நான் கேட்டது உடம்புக்கு நல்லதான்னு!

ஆச்சி: அப்படிப் பிரிச்சுக் கேளுங்க. கடலெண்ணெய்ல சாச்சுரேட்டட் கொழுப்பு சுமாரா அஞ்சுல ஒரு பங்குதான், பாமாயில்ல பாதிக்குப் பாதி.

சென்னைக்காரர்: எங்க வீட்ல கொலஸ்ட்ரால் இல்லாத எண்ணெய்தான். பாக்கெட்லயே இதயம் படம் போட்டு எழுதியிருக்கும்.

ஆச்சி: செடி கொடி மரத்துலேர்ந்து வர்ற எந்த எண்ணெய்லயும் அது கிடையாது தம்பி. இட்லில முள்ளு இல்லன்னு எழுதி விக்கிற மாதிரி. தேங்காண்ணெய்ல முக்காவாசிக்கு மேல சாச்சுரேட்டட், ரத்தத்துல கெட்ட கொலஸ்ட்ராலை ஏத்துறதே அதுதான், ஆனா அந்த பாட்டில்லயும் கொலஸ்ட்ரால் இல்லன்னு எழுதலாம், பொய்யில்ல.

சென்னைக்காரர்: அதான் இப்ப மரச்செக்குக்கு மாறிட்டேன். அதுன்னா அளவே பாக்க வேணாமாம், உருளைக்கிழங்கு ரோஸ்ட்லாம் மெதக்க மெதக்கத்தான்.

ஆச்சி: எந்தச் செக்குல ஆட்டுனாலும் கிராமுக்கு 9 கலோரிதான். செக்கு சுத்துனா மாடுதான் எளைக்கும், நீங்க எளைக்க மாட்டீங்க.

(எனக்குச் சிரிப்பு வந்து இருமுற மாதிரி சமாளிச்சேன்)

சென்னைக்காரர்: எல்லாத்துக்கும் பதில் வச்சிருக்கீங்களே…

ஆச்சி: கேக்க வேண்டியதை நீங்க கேக்கவே இல்லையே. இது எத்தனாவது ஈடு எண்ணெய்னு கேட்டீங்களா? காஞ்சு காஞ்சு போலார் காம்பவுண்ட், அதான் எண்ணெய் கெட்டு அதுல உண்டாகுற பொருள், 25 சதவீதம் தாண்டுச்சுன்னா கொட்டிரணும்னு லைசென்ஸ் ட்ரைனிங்ல சொன்னாக. இந்தா எட்டிப் பாருங்க, இருப்புச்சட்டி அடி தெரியுதுல்ல? பஸ் ஸ்டாண்டுல கறுத்து நுரை கட்டுன எண்ணெய்ல பஜ்ஜி போட்டா வாயத் தொறக்க மாட்டீங்க, பொம்பள சுட்டு விக்கிற எடத்துலதான் விசாரணை. அது கெடக்கட்டும், ஒங்க வீட்ல மாசம் எத்தனை லிட்டர் ஆகுது?

சென்னைக்காரர்: அது… வீட்லதான் கேக்கணும்.

ஆச்சி: எங்க டாக்டர் எனக்குச் சொன்னது ஆளுக்கு மாசம் அரை லிட்டர். கேட்டுட்டு வகுத்துப் பாருங்க.

(வகுக்கிற மாதிரி தெரியல. ரெண்டு கிலோ தேங்குழலு, ஒரு கிலோ அதிரசம். பையை மடில வச்சுக்கிட்டு திண்ணைல உக்காந்து போன் போட்டாரு)

சென்னைக்காரர்: ஹலோ… ஆமாம்மா, விசாரிச்சுட்டேன். நல்ல எண்ணெய் இல்லையாம், அந்த ஆச்சியே ஒத்துக்கிட்டாங்க. ஆங்? வாங்கியாச்சு, மூணு கிலோ.