நான் சொன்ன ஒரு சொல்

அண்ணியிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். என் அண்ணன் மகனுக்கு ஐந்து வயது. ரத்தப் புற்றுநோய், ஏ.எல்.எல். வகை. குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் அதிகம் காணப்படுவது இதுதான்.

முதல் மாதச் சிகிச்சையின்போது டாக்டர் எங்களை உட்காரவைத்துப் பேசினார். எல்லாம் ஆங்கிலத்தில். அம்மாவுக்கு நான்தான் தமிழில் சொன்னேன்: "இக்காரோஸ்னு ஒரு மரபணுவில ஒரு துண்டு காணோமாம்மா. அதனால நோய் திரும்பி வர வாய்ப்பு கொஞ்சம் அதிகமாம்."

அன்று மாலை சிங்கப்பூரில் எங்கள் செங்காங் வீட்டில் அம்மா யாரையும் பார்க்காமல், "எங்க வம்சத்துல யாருக்கும் இப்படி வந்ததில்லையே" என்றார். அண்ணி அடுப்படியில் கழுவிய டம்ளரையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தார்.

தப்பு என்னுடையது. 'மரபணு' என்றதும் காதில் விழுவது 'மரபு'. அடுத்த கேள்வி, யார் வீட்டு ரத்தம் என்பதுதான். வீட்டுக்கு வந்த மருமகள் மேல் அது போய் விழ எவ்வளவு நேரம் ஆகும்?

நான் சொல்லியிருக்க வேண்டியது வேறு. அந்தத் துண்டு காணாமல் போனது நோய் பிடித்த செல்லுக்குள் மட்டும். எலும்பு மஜ்ஜையில் செல் பெருகும்போது நேர்ந்த பிசகு. பிள்ளையின் மற்ற செல்களில் அது இல்லை. அப்பாவிடமும் இல்லை, அம்மாவிடமும் இல்லை. (குடும்பத்தில் தொடரும் அபூர்வ வகைகள் உண்டு. அதை டாக்டர்கள் தனியாகச் சோதித்துச் சொல்வார்கள்.) நோய்ச் செல்லில் பார்க்கும் இன்னொரு அடையாளம் இருக்கிறது: இ.டி.வி.6, ரன்எக்ஸ்1 என்ற இரண்டு மரபணுக்கள் ஒட்டிக்கொள்வது. இந்நோய் வரும் பிள்ளைகளில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு இருக்கும். நன்றாகக் குணமாகும் வகை. இது பல நேரம் கருவிலேயே உருவாகிவிடுகிறது. ஆனாலும் பரம்பரை இல்லை. மசக்கையில் என்ன தின்றாய் என்று யாரும் கணக்குக் கேட்க வேண்டாம்.

சரி, இதைத் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று பெரியப்பா கேட்டார். நல்ல கேள்வி. மலேசியாவும் சிங்கப்பூரும் சேர்ந்து நடத்திய 2010 ஆய்வில், இக்காரோஸ் துண்டு இல்லாத பிள்ளைகளுக்குச் சிகிச்சையை ஒரு படி கூட்டினார்கள். 2018இல் முடிவு வந்தது. முந்தைய ஆய்வில் இப்படிப்பட்ட பிள்ளைகளில் ஐந்து ஆண்டுக்குள் நோய் திரும்பியது சுமார் 30 சதவீதம் பேருக்கு. புதிய முறையில் அது 13.5 சதவீதம். அதாவது இந்த அடையாளம் ஜாதகக் கட்டம் இல்லை. எவ்வளவு மருந்து போதும், எவ்வளவு போதாது என்று சொல்லும் குறிப்பு. நல்ல அடையாளம் உள்ள பிள்ளைக்கு மருந்தைக் குறைக்கவும் இதுவே வழி.

அடையாளம் மட்டும் போதாது. சிகிச்சையின் 33ஆம் நாள் மஜ்ஜை எடுத்து எம்.ஆர்.டி. பார்த்தார்கள்: பத்தாயிரம் செல்லில் ஒரு நோய்ச் செல் ஒளிந்திருந்தாலும் அந்தச் சோதனையில் தெரிந்துவிடும். அந்த ஒரு மாதமும் ஸ்டீராய்டு. கன்னம் இரண்டும் பன்னு மாதிரி ஊதி, ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து நெத்திலி வறுவல் கேட்பான். அண்ணனும் வறுத்துக் கொடுப்பான். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒரு வார்த்தை சொன்னதில்லை, நல்ல மனிதர்கள்.

33ஆம் நாள் முடிவு நன்றாகவே வந்தது. அப்புறம் மெர்காப்டோபியூரின் என்ற புற்றுநோய் மாத்திரை. அண்ணி கையுறை போட்டுக்கொண்டு, சின்னப் பெட்டியில் வைத்துப் பாதியாக வெட்டிக் கொடுக்கிறார். ஏன் பாதி? நட்15 (NUDT15) என்ற மரபணுவில் பிள்ளைக்கு ஒரு மாறுபாடு இருக்கிறது. முழு அளவு கொடுத்தால் வெள்ளையணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிடலாம். ஆசியர்களிடம் இது கூடுதலாக உண்டு. இது நோயைக் கொண்டுவருவது இல்லை, மருந்து எவ்வளவு தாங்கும் என்பதைத்தான் காட்டுகிறது. ஆனால் இது நிஜமாகவே பெற்றோரிடமிருந்து வருவது.

போன ஞாயிறு இதையும் அம்மாவிடம் சொன்னேன், இந்த முறை வார்த்தை பார்த்து. "அப்ப இது யார் பக்கம்?" என்றார்.

"அது தெரியணும்னா எல்லார் ரத்தமும் எடுக்கணும் அத்தை. உங்களுதும்தான்" என்றார் அண்ணி, மாத்திரையை வெட்டிக்கொண்டே.

அம்மா முந்தானையை இழுத்துக் கையை மூடிக்கொண்டார். அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.